ஓடி ஓய்ந்த லாரிகள் எங்கே போகின்றன?

நெடுந்தூரச் சரக்கு ஏற்றும் கனரக லாரி ஆண்டுக்கு 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்தத் தூரத்தை ஓட வீட்டுக் காருக்கு ஏழெட்டு வருஷம் பிடிக்கும். அப்படியென்றால் லாரிதான் சீக்கிரம் தேய்ந்து காயலான் கடைக்குப் போக வேண்டும். நடப்பது தலைகீழ். 20 வயதுக் காரை வைத்திருப்பவரிடம் 'இன்னுமா ஓடுது?' என்று கேட்கிறோம். 20 வயது லாரியோ மூன்றாவது கையிலோ நான்காவது கையிலோ, பல சமயம் பிறந்த நாட்டை விட்டு வெகுதூரத்தில், சத்தமில்லாமல் மணல் ஏற்றிக்கொண்டிருக்கும். சரி, சத்தத்தோடுதான்.

காரணம் அதன் உடலமைப்பு. இன்றைய காருக்குத் தனியாக எலும்பு கிடையாது. பற்றவைத்த தகட்டுக் கூடுதான் அதன் எலும்பு, தோல் எல்லாம். அடித்தகடு துருவேறி உளுத்துப்போனாலோ, விபத்தில் முறுக்கிக்கொண்டாலோ கதை முடிந்தது. லாரியை இன்னும் பழைய முறையில்தான் கட்டுகிறார்கள். நீளவாக்கில் இரண்டு உருக்குச் சட்டங்கள், குறுக்கே சில விட்டங்கள்: இதுதான் சேசிஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், கேபின், பின்னால் பாடி என எல்லாமே அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியவை. எதையும் கழற்றலாம், அந்த இடத்தில் வேறொன்றை மாட்டலாம்.

இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். பெரிய டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் சுவர், பிளாக்கோடு சேர்ந்த வார்ப்பு அல்ல. தனியாகச் செருகிய லைனர். தேய்ந்துபோனால் லைனரை உருவி எடுத்துவிட்டு, புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் போட்டு மூடிவிடலாம். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே இந்த வேலையைச் செய்துமுடிக்கும் மெக்கானிக்குகள் உண்டு. இன்ஜின் கம்பெனிகள் 'பி10 ஆயுள்' என்று ஒரு கணக்குச் சொல்லும். 10 லட்சம் மைல், அதாவது ஏறக்குறைய 16 லட்சம் கிலோமீட்டர், என்று விளம்பரப்படுத்தும் இன்ஜின்கள் இருக்கின்றன. அந்தத் தூரத்தோடு இன்ஜின் செத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. 100 இன்ஜின் அவ்வளவு தூரம் ஓடினால், அதற்குள் 10 இன்ஜின்தான் பிரித்து வேலை பார்க்கும் நிலைக்கு வந்திருக்கும் என்பதே பொருள். பிரித்துப் பார்த்தபின் அவையும் மறுபடி ஓடும்.

இப்படி எல்லாவற்றையும் மாற்ற முடிகிற ஒரு பொருளுக்கு வயதாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? லாரி உரிமையாளர்களைக் கேட்டால் பணத்தை வைத்துச் சொல்வார்கள். கிலோமீட்டருக்கு என்ன சம்பாதிக்கிறது, கிலோமீட்டருக்கு என்ன தின்கிறது; இரண்டும் சந்திக்கும் இடத்தில் லாரி கைமாறும். கைமாறிய பிறகு வேறு வேலை, வேறு கணக்கு.

படிப்படியாக இறங்கும் வேலைகள்

பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் புது லாரியை நான்கு முதல் ஏழு ஆண்டுக்குள் விற்றுவிடுவது வழக்கம். அப்போது லாரி நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். குறித்த நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டிய தொழிலில், ராத்திரி நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றுபோனால் ரிப்பேர் செலவு ஒரு பங்கு, தாமதத்தின் செலவு பல பங்கு. அதனால் முதல் உரிமையாளருக்கு அது 'பழசு'. ஒன்றிரண்டு வண்டி வைத்துத் தானே ஓட்டும் சிறு முதலாளிக்கு அதே லாரி கிடைத்தற்கரிய வாய்ப்பு. நின்றுபோனால் அவரே கீழே படுத்துச் சரிசெய்துகொள்வார்.

அடுத்த படி குறுகிய தூரம். துறைமுகத்திலிருந்து பக்கத்துக் கிடங்குக்குக் கன்டெய்னர் இழுக்கும் வேலைக்கு உலகம் முழுக்கப் பழைய லாரிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். தூரம் குறைவு, வேகம் குறைவு, காத்திருப்பு அதிகம்; புது லாரிக்குக் கட்டுப்படியாகாது. விளைவு, மிகவும் புகை கக்கும் வண்டிகள் மக்கள் நெருக்கமாக வாழும் துறைமுக நகரங்களிலேயே குவிகின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் இதை ஒரு கட்டத்தில் வலுக்கட்டாயமாக முறித்தன. 2008 அக்டோபர் 1 முதல் 1989-க்கு முந்தைய லாரிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. 2012 தொடக்கத்துக்குள் 2007-ஆம் ஆண்டின் மாசு விதிகளை நிறைவு செய்யாத எந்த லாரியும் உள்ளே வர முடியாது என்றாக்கின. கலிஃபோர்னியா மாநிலமே 2023 முதல் 2010-க்கு முந்தைய இன்ஜின் கொண்ட கனரக லாரிகளின் பதிவைப் புதுப்பிக்க மறுக்கிறது. அந்த லாரிகளை மாநிலத்துக்கு வெளியே விற்பதற்குத் தடையில்லை.

குறுகிய தூரத்துக்கும் கீழே இருப்பவை எப்போதாவது செய்யும் வேலைகள். இங்கேதான் லாரி உண்மையில் நீண்ட ஆயுசு காண்கிறது. வட அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமைப் பண்ணைகளில் அறுவடைக் காலத்தில் மட்டும் சில வாரம் வெளியே வரும் தானிய லாரிகள் உண்டு. மீதி மாதங்கள் கொட்டகையில் தூங்கும். 40 வருஷம் பழையதாக இருந்தால்தான் என்ன, கடன் தவணை கிடையாது, வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான். சுரங்கத்தில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் டேங்கர், சாலைப் பணியாளர்களுக்குப் பின்னால் கேடயமாக நிறுத்திவைக்கும் வண்டி, கிடங்கு வளாகத்துக்குள் டிரெய்லரை இடம் மாற்றும் வண்டி, எல்லாம் இந்த வகை. புது லாரியை இங்கே கொண்டுவந்து நிறுத்துபவர் தொழில் தெரியாதவர்.

சுரங்கத்துக்குள்ளேயே ஓடும் ராட்சத டம்பர்கள் தனி ஜாதி. அவற்றின் வயதைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, மணிக்கணக்கில் சொல்வார்கள். இன்ஜினையும் சக்கர மோட்டார்களையும் திரும்பத் திரும்ப மாற்றிப் பல பத்தாயிரம் மணி நேரம் ஓட்டுவார்கள். ஓய்ந்தபின் சாலையில் இழுத்துவர முடியாத அளவு என்பதால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வெட்டப்படுகின்றன. 1970-களில் ஒன்றே ஒன்று தயாரான டெரெக்ஸ் டைட்டன் மட்டும் கனடாவின் ஸ்பார்வுட் ஊரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. இன்ஜின் இல்லாமல்தான்.

கடல் தாண்டும் லாரிகள்

ஜப்பான், ஐரோப்பா, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பழைய லாரிகள் கப்பல் ஏறுகின்றன. போகும் திசையை முதலில் முடிவு செய்வது ஸ்டியரிங். ஜப்பானில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் அதே பழக்கமுள்ள நாடுகளுக்கு அந்த லாரிகள் இயல்பாகப் போகின்றன. ஐரோப்பிய லாரிகள் இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கு. அடுத்ததாகத் தீர்மானிப்பது இறக்குமதி வயது வரம்பு. கென்யா 8 ஆண்டைத் தாண்டிய வாகனத்தை உள்ளே விடுவதில்லை. வரம்பு இல்லாத, அல்லது வரம்பு இருந்தும் கவனிக்க ஆளில்லாத நாடுகளுக்கு மற்றவை போய்ச் சேர்கின்றன.

இந்த வணிகத்தை 'பணக்கார நாடுகள் குப்பையைக் கொட்டுகின்றன' என்று ஒரே வரியில் எழுதி முடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பாதி உண்மை. மேற்கு ஆப்பிரிக்காவில் 12 வயது ஐரோப்பிய லாரியை வாங்குபவர் ஏமாந்தவரில்லை. புது லாரியின் விலையில் சிறு பங்கு கொடுத்து, உதிரிபாகம் எங்கும் கிடைக்கிற, தெருமுனை மெக்கானிக்குக்கே அத்துபடியான வண்டியை வாங்குகிறார். மெர்சிடிஸ் பென்ஸின் குட்டை மூக்கு லாரிகள் 1959-ல் ஜெர்மனியில் அறிமுகமானவை. இன்றும் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அவை ஓடுகின்றன என்றால் பாசம் காரணமில்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, டீசலை அளந்து கொடுக்கும் பம்ப் முழுக்க இயந்திரம். சுத்தியலும் ஸ்பேனரும் தெரிந்தால் போதும். பாகிஸ்தானின் வண்ணம் தீட்டிய பெட்ஃபோர்ட் லாரிகளும் அப்படித்தான். பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பெயரில் லாரி செய்வதைக் கைவிட்டு 35 ஆண்டுக்கு மேல் ஆகிறது. கம்பெனி போனபிறகும் உதிரிபாகத் தொழில் உள்ளூரில் தழைத்ததால் லாரிகள் பிழைத்துக்கொண்டன.

மறுபாதியும் உண்மை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, 2015 முதல் 2018 வரை 1 கோடியே 40 லட்சம் பழைய இலகுரக வாகனங்கள் ஏற்றுமதியானதாகச் சொன்னது. பெரும்பான்மை போய்ச் சேர்ந்தது ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு. அது கார், வேன் கணக்கு. லாரிகள் அதில் சேரவில்லை. ஒரு பழைய லாரி பல கார்களுக்குச் சமமாகப் புகை கக்கும் என்பதை நினைத்தால், முக்கியமான பாதியை விட்டுவிட்டு எண்ணியது போலத்தான்.

புதிய தலைமுறை லாரிகள் கடல் தாண்டும்போது இன்னொரு சிக்கல். ஐரோப்பாவின் யூரோ 6 மாசு விதிப்படி செய்த லாரியின் புகைக்குழாயில் கரித்தூள் வடிகட்டியும் வினையூக்கியும் இருக்கின்றன. கந்தகம் அதிகமுள்ள டீசல் போட்டால் இவை அடைத்துக்கொள்ளும், செயலிழக்கும். ஐரோப்பாவில் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டக் கூடாது. பழைய லாரிகள் போய்ச் சேரும் நாடுகள் பலவற்றில் அது நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டி இருந்துவந்திருக்கிறது. அதனால் அந்தக் கருவிகளைக் கழற்றி எறிந்து, கம்ப்யூட்டரை ஏமாற்றும் மென்பொருள் போட்டு ஓட்டுகிறார்கள். வினையூக்கியில் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் கழற்றியது குப்பைக்குப் போகாது. அதற்கென்று தனிச் சந்தை உண்டு. மாசைக் குறைக்கச் செய்த பாகம் ஒரு பக்கம், மாசு கக்கும் இன்ஜின் இன்னொரு பக்கம் எனப் பிரிந்து, இரண்டும் விலைபோகின்றன.

பிரிக்கும் பட்டறையில்

இனி ஓட்டிப் பயனில்லை என்ற நிலையில் லாரி வந்து சேரும் இடம் பிரிக்கும் பட்டறை. பிரிப்பவர்களுக்குப் பிடித்தது கிழட்டு லாரி இல்லை என்பது வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்கள் தேடுவது மூன்று வயதில் கவிழ்ந்த லாரி. கேபின் நொறுங்கியிருக்கும், ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் புத்தம்புதுசு. 25 வயது லாரியில் கிடைக்கும் கியர்பாக்ஸை வாங்க அதே மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே.

முதல் வேலை வடிப்பது. ஒரு கனரக இன்ஜினில் மட்டும் 30, 40 லிட்டர் ஆயில் இருக்கும். அதோடு கியர் ஆயில், ஆக்சில் ஆயில், குளிரூட்டும் நீர், மீதி டீசல், ஏசி வாயு. பிறகு பேட்டரி. பெரும்பாலான நாடுகளில் லாரி மின்சுற்று 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட் ஈய பேட்டரி இரண்டு இருக்கும். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு, ஆபத்தும் அங்கேதான். செனகலின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சூர் மேரில், பேட்டரி ஈயம் கலந்த மண்ணை வீட்டோரத்தில் சலித்துச் சேர்த்ததில், 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

அடுத்து வருவது, பழகாத ஆள் கைவைக்கக் கூடாத ஒரு பாகம். ஏர் பிரேக் உள்ள லாரியின் பின் ஆக்சிலில், பெரிய டப்பா போல உருளைகள் தொங்கும். காற்று தீர்ந்தாலும் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றுக்குள்ளும் தடித்த ஸ்பிரிங் ஒன்றை அமுக்கி அடைத்து வைத்திருப்பார்கள். லாரி ஓடிய காலம் முழுக்க, நின்றபின்னும், பட்டறைக்கு வந்தபின்னும் அது அமுங்கியேதான் இருக்கும். நீண்ட போல்ட் ஒன்றைச் செருகித் திருகி ஸ்பிரிங்கைக் கட்டிப்போட்டபிறகே உருளையைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த பட்டை விடவில்லை என்று கேஸ் கட்டரை வைத்தால், மூடி ஆளைக் கொல்லும் வேகத்தில் பறக்கும். அந்த உருளையின் மேலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். 20 வருஷத்துச் சேறுக்கு அடியில் அதை யார் படிப்பது? காலி டீசல் டேங்க், எரிபொருள் டேங்கர் ஆகியவற்றை வெட்டும்போது உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து வெடிப்பதும் இதே ரகம்.

கழற்றியவை பல வழியில் பிரிகின்றன. அப்படியே வேலை செய்யும் இன்ஜினும் கியர்பாக்ஸும் நேராக இன்னொரு லாரிக்கு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டர்போ, இன்ஜெக்டர், ஏர் கம்ப்ரெசர், பிரேக் ஷூ போன்றவை தேய்ந்திருந்தாலும் வீணில்லை. இவற்றைச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, புதிது போல உத்தரவாதத்தோடு விற்பதே ஒரு பெரிய தொழில். வோல்வோ இதை 1945-லிருந்தும் கேட்டர்பில்லர் 1973-லிருந்தும் செய்துவருகின்றன. வாடிக்கையாளர் பாகத்தை வாங்கும்போது முன்பணம் ஒன்று சேர்த்துக் கட்டுவார். பழைய பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். லாரியின் மறுசுழற்சியில் சட்டத்தின் உந்துதல் இல்லாமல் தானாகவே ஓடும் பகுதி இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட ஒழுங்காக நடக்கும் பகுதியும் இதுதான்.

லாரி என்ற அடையாளமே போய்விடும் வழிகளும் உண்டு. இன்ஜின் மீன்பிடிப் படகிலோ பாசன பம்பிலோ ஜெனரேட்டரிலோ உட்காரும். குளிர்சாதனப் பெட்டி கிடங்காகும். டயரின் மேல்பட்டையைச் செதுக்கி ஒன்றிரண்டு முறை ரீட்ரெட் செய்தபின், வியட்நாமில் போர்க்காலத்தில் செய்தது போலச் செருப்பாகலாம், பெரும்பாலும் தூளாகவோ சிமென்ட் சூளை எரிபொருளாகவோ போகும்.

ஸ்பிரிங் பட்டையின் கதை மட்டும் தனி. லாரியின் எடையைத் தாங்கிய அந்த வளைந்த பட்டைகள் கார்பன் 0.6 சதவீதம் அளவில் உள்ள கலப்பு உருக்கு. குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்திருக்கும். வளைந்து வளைந்து நிமிர வேண்டும், உடையக் கூடாது என்று தேர்ந்தெடுத்த இரும்பு, வெட்டுக் கருவிக்கும் அதே காரணத்தால் அருமையாகப் பொருந்துகிறது. நேபாளத்தின் குக்ரி கத்திகளை இன்றும் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். பட்டையை நீளத்துக்கு வெட்டி, செக்கச்செவேலென்று காய்ச்சி, இரண்டு மூன்று பேர் மாறிமாறிச் சம்மட்டி அடித்து வளைவைக் கொண்டுவருவார்கள். கடைசியாகக் காய்ச்சிய கத்தியை வெளியே எடுத்ததும், மூக்கு வைத்த கெண்டியிலிருந்து தண்ணீரை வெட்டு விளிம்பில் மட்டும் இழையாக ஊற்றிக்கொண்டே போவார் கொல்லர். விளிம்பு கெட்டிப்படும், முதுகு மெதுவாக ஆறி நெகிழ்வோடு இருக்கும். முழுக் கத்தியையும் தண்ணீரில் முக்கினால் ஓங்கி வெட்டும்போது முறிந்துவிடும். பல டன் சரக்கைத் தாங்கி வயதான இரும்பு, இன்னும் இரண்டு தலைமுறைக்கு விறகு பிளக்கும்.

கடைசியில் மிஞ்சுவது சேசிஸ் சட்டமும் கேபின் தகடும். சட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு என்பதால் பழைய இரும்பு வணிகத்தில் 'கனரக உருக்கு' என்ற உயர்ந்த வகையில் சேரும். கேஸ் கட்டரால் ஒன்றரை மீட்டருக்கு மிகாத துண்டுகளாக அறுத்து மின்வில் உலைக்கு அனுப்புவார்கள். உலகிலேயே அதிகமாகப் பழைய இரும்பு இறக்குமதி செய்யும் நாடு துருக்கி. அதன் உலைகள் பெரும்பாலும் இந்த இரும்பை நம்பியே எரிகின்றன. கேபின் தகடு நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். சிக்கல் அங்கே தொடங்குகிறது: தகட்டோடு மின்வயரும் சிறு மோட்டார்களும் சேர்ந்து நொறுங்குவதால் உருக்கில் செம்பு கலக்கிறது. உருகிய உருக்கிலிருந்து செம்பைக் கட்டுப்படியாகும் செலவில் பிரித்தெடுக்க வழியில்லை. கட்டடக் கம்பிக்கு 0.4 சதவீதம் வரை செம்பு இருந்தாலும் பரவாயில்லை. வாகனத் தகட்டுக்கு 0.06-ஐத் தாண்டினாலே ஆகாது, தகடு விரிசல் விடும். ஆகவே லாரியை உருக்கி லாரி செய்வது என்பது விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு எளிதில்லை. பெரும்பாலும் அது காங்கிரீட்டுக்குள் போகும் கம்பியாகிறது.

லாரியைக் கொல்வது எப்படி?

அரசுகள் பழைய லாரியைச் சாலையிலிருந்து அகற்ற நினைக்கும்போது இந்தக் கழற்றி மாட்டும் குணம்தான் அவற்றோடு மல்லுக்கு நிற்கிறது. சட்டம் வாகனத்தை ஒரே பொருளாகப் பார்க்கிறது: ஒரு பதிவு எண், ஒரு வயது, ஒரு சான்றிதழ். லாரியோ ஐந்தாறு பொருள்களின் கூட்டணி. பதிவை ரத்து செய்தால் கூட்டணி கலையும்; உறுப்பினர்கள் வேறு பெயரில் மறுபடி சேர்வார்கள்.

சீனா இதைக் கடுமையாக எதிர்கொண்டது. 2001-ஆம் ஆண்டின் விதிப்படி, கழித்த வாகனத்தின் இன்ஜின், ஸ்டியரிங் அமைப்பு, கியர்பாக்ஸ், முன்பின் ஆக்சில்கள், சேசிஸ் ஆகிய ஐந்தையும் உலைக்கு மட்டுமே விற்க வேண்டும். கழித்த பாகங்களைக் கோத்துப் புதிதாக ஒரு வண்டி கட்டி ஓட்டுவதைத் தடுப்பது நோக்கம். நல்ல இன்ஜினும் உருகியது. 2019 ஜூன் 1-ல் அமலான புது விதி அந்த ஐந்தையும் மறுதயாரிப்பு நிறுவனங்களுக்கு விற்க அனுமதித்தது. 18 ஆண்டு கழித்து வந்த அந்தத் திருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒரு இன்ஜின் பிளாக்கை உருக்கி மறுபடி வார்க்க ஆகும் எரிபொருளும் ஒரு மாசுதான்.

அமெரிக்காவில் எதிர்த்திசைப் பாடம். புத்தம்புதிய கேபினும் சேசிஸும் வாங்கி, அதில் பழைய இன்ஜினைப் புதுப்பித்துப் பொருத்துவதற்கு 'கிளைடர்' என்று பெயர். விபத்தில் சேசிஸ் மட்டும் நாசமான லாரிகளுக்காகப் பிறந்த ஏற்பாடு. மாசு விதிகள் இறுகியதும், அவற்றைத் தாண்டிக் குதிக்கும் வழியாக மாறியது: வெளியே புது லாரி, உள்ளே வடிகட்டியே இல்லாத பழைய இன்ஜின். 2016-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கடிவாளம் போட்டது. 2018 முதல் சிறு தயாரிப்பாளர் ஒருவர் அந்த வகையில் ஆண்டுக்கு 300 லாரிக்கு மேல் செய்ய முடியாது என்றது. 2018 ஜூலை தொடக்கத்தில் இந்த வரம்பை அமல்படுத்தப் போவதில்லை என்று அதே முகமை அறிவித்து, எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் வந்ததும் அந்த மாதமே பின்வாங்கியது.

அதே முகமையின் டீசல் மானியத் திட்டத்தில் உள்ள ஒரு விதி, லாரியை நன்றாகப் புரிந்துகொண்ட யாரோ எழுதியது. மானியம் வாங்கிப் புது லாரி எடுப்பவர், பழையதை அழித்ததற்கு நிரூபணம் காட்ட வேண்டும். எப்படி அழிப்பது? இன்ஜின் பிளாக்கில் 3 அங்குல ஓட்டை போட வேண்டும். சேசிஸ் சட்டத்தை அறுக்க வேண்டும். இரண்டே வேலை. லைனர் மாற்றலாம், பிளாக் ஓட்டையை நம்பகமாக அடைக்க முடியாது. அறுத்த சட்டத்தைப் பற்றவைத்தால் அதன் வலிமை திரும்பாது. கேபினையும் ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் விற்றுக்கொள்ளலாம். 2009-ல் பழைய கார், சிறு லாரியைக் கொடுத்துப் புதிது வாங்குபவர்களுக்கு அமெரிக்க அரசு பணம் தந்த திட்டத்தில் வேறு முறை: ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டில் அது கண்ணாடி போல இறுகி, சில நிமிடத்தில் இன்ஜின் உள்ளே கவ்விக்கொண்டு நின்றது. 6 லட்சத்து 77 ஆயிரம் வாகனங்கள் அப்படிப் போயின.

ஐரோப்பா இதில் பின்தங்கியிருப்பது விசித்திரம். ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான அதன் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், எடையில் 95 சதவீதத்தை மீட்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது. ஆனால் கார்களுக்கும் 3.5 டன்னுக்கு உட்பட்ட வேன்களுக்கும் மட்டும். கனரக லாரிகளையும் உள்ளே கொண்டுவரும் முன்மொழிவை 2023 ஜூலையில்தான் ஐரோப்பிய ஆணையம் வைத்தது. ஜப்பான் 2005-லேயே லாரி, பஸ் உட்பட அநேகமாக எல்லா நான்கு சக்கர வாகனத்தையும் மறுசுழற்சிச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. வாங்கும்போதே அதற்கான கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகள், 15 ஆண்டுக்கு முன் தாங்கள் விற்ற வணிக வாகனங்களிலிருந்து குறிப்பிட்ட பங்கு உருக்கு மீட்கப்பட்டதற்குத் தயாரிப்பாளர்கள் சான்று காட்ட வேண்டும் என்கின்றன. எடையைக் கணக்கில் எடுப்பதால் உருக்குவதற்கு ஊக்கம் கிடைக்கும். பாகத்தைப் பாகமாகவே மறுபடி ஓட்டுவதற்கு எவ்வளவு ஊக்கம் கிடைக்கும் என்பது என் சந்தேகம்.

இனி வரும் பழைய லாரிகள்

கழற்றி மாட்டும் வசதி எந்நாளும் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. இன்றைய லாரியில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், மாசுக் கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர். அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுதான் வேலை செய்யும். இன்னொரு லாரியிலிருந்து கழற்றிய பெட்டியை மாட்டினால், தயாரிப்பாளரின் மென்பொருள் ஒப்புதல் தராதவரை வண்டி கிளம்பாமல் போகலாம். குட்டை மூக்கு பென்ஸ்களில் ஒன்றான 1113-ஐச் சாலையோரத்தில் பிரித்துப் பூட்டிய கைக்கு இங்கே வேலை இல்லை. இரும்பு இன்னும் 20 ஆண்டு தாங்கும் நிலையில், ஒரு சர்க்யூட் பலகை கிடைக்காததால் லாரி நின்றுபோகும் காலம் வருகிறது.

தயாரிப்பாளர்கள் சிலர் இதையே தொழிலாக்கப் பார்க்கிறார்கள். ரெனோ டிரக்ஸ் பிரான்ஸின் பூர்காங்பிரெஸ் ஆலையில், நெடுஞ்சாலையில் ஓடிய லாரிகளைத் திரும்ப வாங்கி, கட்டுமானப் பணிக்கு ஏற்றதாக உயர்த்திக் கட்டி உத்தரவாதத்தோடு விற்கிறது. முன்பு மூன்றாவது முதலாளி பட்டறையில் செய்துகொண்டதைக் கம்பெனியே செய்கிறது.

மின்சார லாரிகள் கணக்கை இன்னொரு முறை புரட்டும். அவற்றில் தேய்வதற்கு லைனரும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை. விலையின் பெரும்பங்கு பேட்டரியில் இருக்கிறது. ஓட்டத்துக்குப் போதாத பேட்டரி, சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வேலைக்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு கேட்கிறது: என்ன வேதிப்பொருள், யார் செய்தது, எவ்வளவு திறன் என்ற தகவல் பிரிப்பவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. கனரக லாரிகளில் இப்போது பரவும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் நிக்கலோ கோபால்ட்டோ கிடையாது. உடைத்தால் கிடைக்கும் உலோகத்தின் விலை உடைக்கும் கூலிக்கே காணாமல் போகலாம். பழைய ஈய பேட்டரியைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிய காயலான் கடைக்காரர், இதை எடுத்துக்கொள்ளத் தனக்குக் காசு கேட்பார். அந்தக் காசை லாரியின் எத்தனையாவது முதலாளி கொடுப்பது என்பதைத்தான் வரப்போகும் சட்டங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.